ஈஸ்டர் பாடகர் குழு: ஒரு புதுப்பிப்பு

எங்கள் ஊர் சிஎஸ்ஐ கோவிலில் கொயர் கலைந்து போனதையும், இந்த வருடம் ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் பாட ஆள் இருக்குமா என்றும் லெந்து (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) தொடங்கும்போது எழுதியிருந்தேன். பலர் கேட்டதால் இந்தப் புதுப்பிப்பு.

ஆள் கிடைத்துவிட்டது! "வாலிபர்களுக்காகக் காத்திருக்காதீர்கள், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கேளுங்கள்" என்று ஒருவர் சொன்னது பலித்தது. கைப்பிடி அரிசி காணிக்கை எடுக்க வீடு வீடாகப் போகும் அக்காமாரே பயிற்சிக்கும் ஆள் சேர்த்தார்கள். அதில் ஒரு பாட்டிக்குச் சோல்ஃபா, அதாவது ஸ்வரங்களை எழுத்தால் குறிக்கும் முறை, வாசிக்கத் தெரியும். பழைய நோட்டை மூக்கருகே பிடித்து "ட, ர, ம" என்று பாடிக் காட்டினார். பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) பாட இருந்த தாத்தாக்கள் வாயைத் திறக்கவே யோசித்தார்கள்.

லெந்து நாற்பது நாள் என்றாலும் ஞாயிறுகள் அதில் சேராது. அதனால் லெந்து தொடங்கும் சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை காலண்டரில் 46 நாள் வரும். அந்தக் கூடுதல் ஞாயிறுகள்தான் எங்களைக் காப்பாற்றின. ஆராதனை முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து பயிற்சி.

அப்புறம், சென்னையிலும் திருப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் பெரிய வியாழனுக்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வந்ததும் அவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் முள் வெட்டும் வேலை இருக்கிறது. குருத்தோலைச் சிலுவை பின்னுவதைச் சிறுவர் கூட்டம் எடுத்துக்கொண்டது.

ஆர்மோனியத்தில் ஒரு கட்டை மட்டும் அமுங்கினால் எழும்புவதில்லை. பெரிய வெள்ளி மும்மணி (மூன்று மணி நேர) ஆராதனைக்குள் பழுது பார்க்க, தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.