நெஞ்சுகாறைக் குமிழ்த்தசை: ஒரு கழுத்துத் தசைக்குப் பெயர் தேடி

ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்ட் என்னும் கழுத்துத் தசைக்குத் தமிழில் பெயரிடும்போது இரண்டு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. அத்தசை செய்யும் வேலையைக் கொண்டு 'தலைதிருப்பி' என்பது ஒன்று. அது எந்தெந்த எலும்புகளில் தொடங்கி எங்கே போய்ப் பற்றுகிறதோ அவற்றின் பெயர்களைக் கோத்துச் சொல்வது மற்றொன்று. நான் இரண்டாவதன் பக்கம் நிற்கிறேன். ஆனால் அவ்வழியில் உருவான 'மார்பெலும்பு காறையெலும்பு முலையுரு முனைப்புத் தசை' என்ற நெடும்பெயரை என்னால் ஏற்க முடியவில்லை. அறுவை அரங்கில் நிற்கும் ஒருவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் 'எஸ்.சி.எம்.' என்ற ஆங்கிலச் சுருக்கத்தைச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கியிருப்பார். பெயர் சுருங்க வேண்டும். சுருங்கும்போது பொருளும் கெடக் கூடாது.

பெயருக்கு முன் பொருளைப் பார்ப்போம். முகத்தை இடப்பக்கம் நன்றாகத் திருப்பி, வலக்கையின் விரல்களைக் கழுத்தின் வலப்புறத்தில் வைத்துப் பாருங்கள். காதுக்குப் பின்னாலிருந்து தொண்டைக்குழியை நோக்கிச் சரிந்து இறங்கும் ஒரு தடித்த பட்டை விரலில் தட்டுப்படும். தொண்டைக்குழியின் ஓரத்தில் அது உருண்ட நாணாக முடிகிறது. அது நெஞ்செலும்பின் மேற்பகுதியிலிருந்து புறப்படும் தலை. அதற்குச் சற்று வெளிப்புறமாக விரலை நகர்த்தினால் ஒரு சிறு பள்ளமும், அதையடுத்துத் தட்டையான இன்னொரு தலையும் தெரியும். அது காறையெலும்பின் உட்புற மூன்றிலொரு பகுதியிலிருந்து எழுவது. இரண்டு தலைகளும் மேலே போய் ஒன்றாகி, காதுக்குப் பின்னுள்ள எலும்பு முண்டிலும், அங்கிருந்து பிடரியெலும்பின் மேல்வரியிலும் பற்றுகின்றன. கழுத்தை முன்முக்கோணம், பின்முக்கோணம் என்று பிரிப்பது இந்தத் தசைதான். இதன் அடியில் பொதுக் கழுத்துத் தமனியும், உட்கழுத்துச் சிரையும், பத்தாம் மண்டை நரம்பும் ஒரே உறைக்குள் செல்கின்றன. இதன் மேலே குறுக்காக வெளிக்கழுத்துச் சிரை ஓடுகிறது. ஒருவர் 'கழுத்து நரம்பு புடைக்கக்' கத்தினார் என்று நாம் சொல்லும்போது புடைப்பது நரம்பன்று, இந்தச் சிரையே. இரு தலைகளுக்கு இடையிலான சிறு முக்கோணத்தின் உச்சியை அடையாளமாகக் கொண்டு மருத்துவர்கள் உட்கழுத்துச் சிரைக்குள் ஊசி செலுத்துவதும் உண்டு. ஆகவே இரு தலைகள் என்ற செய்தி பெயரில் இருப்பது வெறும் அழகுக்காக அன்று. அதற்குப் பயன் இருக்கிறது.

இனி 'தலைதிருப்பி' என்பதற்கு வருகிறேன். ஜெர்மன் மொழியில் இதே பொருள்படும் பெயர் வழக்கில் இருக்கிறது என்பதால் அது கேலிக்குரிய பரிந்துரை அன்று. சொல்லும் நல்ல தமிழ்ச் சொல். ஆனால் தசையின் நடத்தை அதற்கு ஒத்துவரவில்லை. வலப்புறத் தசை மட்டும் சுருங்கினால் தலை வலப்பக்கம் சாயும், முகமோ இடப்பக்கம் திரும்பும். இரண்டு பக்கத் தசைகளும் சேர்ந்து சுருங்கினால் திருப்பமே இல்லை. கழுத்து முன்னால் வளைகிறது. மல்லாந்து படுத்திருப்பவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கும்போது கழுத்தில் இரண்டு பக்கமும் திரண்டு நிற்பவை இவையே. தலை அசையாமல் நிற்கும்போது இவை நெஞ்செலும்பை மேலே இழுத்து மூச்செடுக்கத் துணைபுரிகின்றன. மூச்சுத்திணறலோடு வரும் ஆஸ்துமா நோயாளியின் கழுத்தில் அதைக் கண்ணாலேயே காணலாம். திருப்புதல், சாய்த்தல், வளைத்தல், தூக்குதல் ஆகிய நான்கில் ஒன்றை மட்டும் பெயராக்கினால் மாணவர் மற்ற மூன்றையும் விதிவிலக்காகப் படிக்க நேரிடும். இதைவிடப் பெரிய இடர், தலையைத் திருப்பும் தசை இது ஒன்று மட்டும் இல்லை என்பது. பிடரியில் உள்ள ஸ்பிளீனியஸ் கேப்பிட்டிஸ் தசையும் தலையைத் திருப்புகிறது. அதுவோ முகத்தைத் தன் பக்கமாகவே திருப்புகிறது. 'தலைதிருப்பி' என்ற பெயரை இதற்குக் கொடுத்துவிட்டால் அதற்கு என்ன கொடுப்பது?

பற்றிடங்களைக் கொண்டு பெயரிடுவதில் இந்த இடர் இல்லை, ஏனெனில் எலும்பு இடம் மாறுவதில்லை. அப்படியானால் மூன்று எலும்புகளுக்கும் குறுகிய அடிச்சொற்கள் வேண்டும்.

காறையெலும்பைப் பற்றி விவாதமே தேவையில்லை. லத்தீன் சிறு சாவி என்று பார்த்த எலும்பைத் தமிழ் கழுத்தணியான காறை அமரும் இடமாகப் பார்த்தது. சொல்லும் அகராதியில் முன்பே இடம்பெற்றுவிட்டது. 'காறை' என்றாலே போதும்.

நெஞ்செலும்பில் சிறிது கவனம் தேவை. பாடநூல்களில் 'மார்பெலும்பு' என்றே இருக்கிறது. அதைத் தனியாகச் சொல்லும்போது மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் தசைப்பெயர்களில் 'மார்பு' என்ற சொல், நெஞ்சின் முன்பக்கம் அகன்று கிடக்கும் பெக்டோராலிஸ் தசைகளுக்குத் தேவைப்படுகிறது. அவற்றை மார்புத்தசை என்று உடற்பயிற்சிக் கூடங்களில்கூடச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எனவே தசைப்பெயர்களின் தொகைச்சொற்களில் அந்த நடு எலும்பைக் குறிக்க 'நெஞ்சு' என்பதை ஒதுக்கிவிடலாம்.

மூன்றாவதில்தான் உண்மையான கருத்துவேறுபாடு இருக்கிறது. காதுக்குப் பின்னுள்ள எலும்பு முண்டைக் குறிக்கும் மாஸ்டாய்ட் என்பது கிரேக்கத்தில் முலை போன்றது என்று பொருள்படும். ஜப்பானிய மொழியிலும் அதை அப்படியே பெயர்த்துத் தசையின் பெயரில் வைத்திருக்கிறார்கள். 'முலையுரு முனைப்பு' என்று நாமும் வைத்துக்கொள்ளலாம்தான். அச்சொல் கூச்சம் தருகிறது என்பது எனக்கு ஒரு பொருட்டன்று. ஆனால் அந்த எலும்பைத் தொட்டுப் பார்க்கும் தமிழர் எவருக்கும் அந்த ஒப்புமை தோன்றப் போவதில்லை. கைக்கு அது ஒரு குமிழாகத்தான் தெரிகிறது. தனியே குறிப்பிடும்போது 'செவிப்பின் குமிழ்' என்றும், தொகைகளில் 'குமிழ்' என்று மட்டும் சொல்வதும் என் பரிந்துரை. மூளையில் மணத்தை உணரும் பகுதியான முகர்ச்சிக் குமிழ் போன்ற தொடர்களில் இதே சொல் வேறு உறுப்புக்கு வருகிறதே என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் அங்கெல்லாம் முன்னால் ஓர் அடை நிற்கும், தசைப்பெயர்களுக்குள் அவை வருவதுமில்லை; ஆகவே மயக்கத்துக்கு இடமில்லை.

குமிழை இந்தப் பெயரிலிருந்து விட்டுவிடக் கூடாது என்பதற்கு உடலுக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. பிறந்த குழந்தைக்குச் செவிப்பின் குமிழ் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். குழந்தை தலை நின்று, நிமிர்ந்து, திரும்பிப் பார்க்கத் தொடங்கிய பிறகு, இந்தத் தசை இழுக்க இழுக்கத்தான் அந்த எலும்பு இரண்டாம் வயதளவில் புடைத்து வளர்கிறது. குமிழ் இல்லாததால் பச்சிளங்குழந்தைகளின் முக நரம்பு மண்டையோட்டைவிட்டு வெளிவரும் இடத்தில் போதிய காப்பின்றி இருக்கிறது. ஆயுதப் பிரசவத்தில் அந்த நரம்பு நசுங்கும் இடர் அதிகமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது மூன்று சொற்களையும் சேர்க்க வேண்டும். இங்கேதான் தமிழ்ப் புணர்ச்சி நமக்குக் கைகொடுக்கிறது. நெஞ்சும் காறையும் ஒத்த நிலையில் உள்ளவை. இரண்டும் தசை புறப்படும் இடங்கள். உம்மைத்தொகையில் வல்லினம் மிகாது. வெற்றிலைபாக்கு என்கிறோம், வெற்றிலைப்பாக்கு என்பதில்லை. ஆகவே 'நெஞ்சுகாறை' என்று ஒற்றில்லாமல் எழுத வேண்டும். குமிழோ போய்ப் பற்றும் இடம். நெஞ்சுகாறையிலிருந்து குமிழுக்கு என்று வேற்றுமைப் பொருள் தொக்கி நிற்பதால் அங்கே ககரம் மிகும். முழுப்பெயர் 'நெஞ்சுகாறைக் குமிழ்த்தசை' என்றாகிறது. ஒற்று இல்லாத இடத்தில் இரு தலைகள், ஒற்று விழும் இடத்தில் தசையின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான எல்லை. லத்தீன் பெயரில் மூன்று பகுதிகளும் ஒரே வரிசையில் நிற்பதால் எது தொடக்கம், எது முடிவு என்று அதைக் கற்றவர்தான் அறிவார். தமிழ்ப் பெயரில் அந்தச் செய்தி எழுத்திலேயே தங்கிவிடுகிறது. ஒற்றுப்பிழை மலிந்த காலத்தில் இதையெல்லாம் யார் கவனிப்பார்கள் என்று கேட்கலாம். பிழையாக எழுதினாலும் தசை இன்னதென்று அடையாளம் தெரியும். சரியாக எழுதினால் கூடுதலாக ஒரு செய்தி கிடைக்கும்.

இவ்விதி மற்றத் தசைகளுக்கும் செல்கிறதா என்று பார்க்காமல் ஒரு பெயரை மட்டும் உறுதிசெய்வது வீண். நாக்கின் அடியில், தொண்டைக்கு முன்னால், வேறெந்த எலும்போடும் மூட்டில்லாமல் கிடக்கும் ஹையாய்ட் எலும்பை எடுத்துக்கொள்வோம். இதை 'நாவடி எலும்பு' என்பதுண்டு. ஆனால் பன்னிரண்டாம் மண்டை நரம்புக்கு 'நாவடி நரம்பு' என்பதே பொருத்தமான பெயர், அந்த நரம்பு நாக்குத் தசைகளுக்குரியது. இரண்டுக்கும் ஒரே அடை கூடாது. இந்த எலும்பு கவட்டை போல வளைந்தது என்பதால் 'கவையெலும்பு' என்று வைக்கலாம். அதன்படி நெஞ்செலும்பிலிருந்து அதற்கு ஏறும் ஸ்டெர்னோஹையாய்ட் தசை 'நெஞ்சுக்கவைத் தசை' ஆகும். இங்கே தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் ககரம் மிகுவதைக் கவனியுங்கள். காதுக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து கூராக நீளும் ஸ்டைலாய்ட் முனைப்பு எழுத்தாணியைப் போன்றது என்பதே அப்பெயரின் கருத்து; ஓலையில் ஆணியால் எழுதிய நமக்கு அதை மொழிபெயர்ப்பதில் தயக்கமே வேண்டாம். அங்கிருந்து கவையெலும்புக்கு இறங்கும் தசை 'ஆணிக்கவைத் தசை'. தோளெலும்பிலிருந்து வரும் ஓமோஹையாய்ட் 'தோள்கவைத் தசை'. இலக்கண நூற்படி 'தோட்கவை' என்று வர வேண்டும், ஆனால் அப்படி எழுதினால் தோள் மறைந்துபோகும் என்பதால் இயல்பாகவே விட்டுவிடலாம்.

இவ்விதிக்கு நல்ல சோதனை ஒன்று உண்டு. முக நரம்பு வெளிவரும் துளை, ஆணிக்கும் குமிழுக்கும் நடுவில் இருக்கிறது. இங்கே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வது எதுவும் இல்லை. இரண்டும் ஒத்த நிலையில் எல்லைகளாக நிற்கின்றன. ஆகவே 'ஆணிகுமிழ்த் துளை' என்று ஒற்று மிகாமல் எழுத வேண்டும். விதி தானாகவே சரியான வடிவத்தைத் தருகிறது.

நெஞ்சுகாறைக் குமிழ்த்தசை என்ற பெயரில் பிடரியெலும்பின் மேல்வரி விடுபட்டிருக்கிறதே என்ற குறையும் சுட்டப்படலாம். லத்தீனிலும் அது விடுபட்டே இருக்கிறது. 1895-இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் ஜெர்மானிய உடற்கூற்றியலார் கூடி, ஒவ்வோர் உறுப்புக்கும் ஒன்றுக்கு மேற்பட்டுக் குவிந்திருந்த பெயர்களை ஒழுங்குபடுத்தியபோது, ஓர் உறுப்புக்கு ஒரே பெயர், அதுவும் குறுகிய பெயர், பெயர் என்பது நினைவுக்குறியே தவிர முழு வருணனை அன்று என்ற கொள்கைகளை வகுத்தார்கள். நெடும்பெயரை ஆதரிப்பவர்கள் இதைக் கருத வேண்டும். அன்றாடப் பேச்சுக்கு இன்னும் குறுகியது தேவையென்றால் 'நெஞ்சுக்குமிழ்த்தசை' என்று காறையை விட்டுச் சொல்லலாம். ஆங்கில மருத்துவர்களும் ஸ்டெர்னோமாஸ்டாய்ட் என்று அதைத்தான் செய்கிறார்கள். வெறும் 'குமிழ்த்தசை' மட்டும் வேண்டாம். குமிழில் பற்றும் தசைகள் வேறும் உள்ளன.

ஈழத்து வழக்கையும் மறந்துவிடக் கூடாது. தமிழில் மேலை மருத்துவம் முதலில் முறையாகக் கற்பிக்கப்பட்டது யாழ்ப்பாணத்து மானிப்பாயில். அங்கே அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன் 1872-இல் வெளியிட்ட உடற்கூற்று நூலுக்கு 'மனுஷ அங்காதிபாதம்' என்று பெயர். அக்காலத்து வடமொழிச் சாய்வு தலைப்பிலேயே தெரிகிறது. இன்று தமிழ்நாட்டில் எலும்பு, தமனி, சிரை, திசு என்பன இலங்கையில் என்பு, நாடி, நாளம், இழையம் என்று வழங்குகின்றன. தசை மட்டும் இரண்டு கரைக்கும் பொது. நெஞ்சு, காறை, குமிழ், கவை, ஆணி ஆகியவற்றைத் தொகையில் எலும்பு என்றோ என்பு என்றோ சேர்க்காமல் வைப்பதால் இரு வழக்கினரும் ஒரே பெயரை மாற்றமின்றி எழுத முடியும்.

நோய்ப்பெயர் ஒன்றையும் இதனுடன் தீர்த்துவிடலாம். பிறந்த சில வாரங்களில் இத்தசை ஒரு பக்கம் இறுகிக் குறுகி, குழந்தையின் தலை அந்தப் பக்கம் சாய்ந்தும் முகவாய் எதிர்ப்பக்கம் திரும்பியும் நிற்கும் நிலைக்குப் 'பிறவிக் கழுத்துத் திருகல்' என்பதே போதும். வீடுகளில் இதை 'உரம் விழுந்தது' என்று சொல்லிப் புடவையில் போட்டு உருட்டுவார்கள். கலைச்சொல்லாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம், ஏனெனில் எந்தக் கழுத்து, தோள் வலிக்கும் அதையே சொல்கிறார்கள். இங்கே தேவைப்படுவது மருத்துவர் காட்டித்தரும் மென்மையான நீட்டல் பயிற்சி.

கடைசியாக, பற்றிடத்தால் பெயர்பெறாத டைகாஸ்ட்ரிக் தசை. 'இருவயிற்றுத் தசை' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறார்கள். தசையின் பருத்த நடுப்பகுதியை வயிறு என்பது தமிழுக்குப் பழக்கமில்லாதது. திரண்ட தோள் என்று சொல்லும் மொழிக்குத் 'திரள்' என்பதே இயல்பு. கையில் உள்ள பைசெப்ஸை 'இருதலைத் தசை' என்று பாடநூல்கள் சொல்லிக் கொடுத்துவிட்டன. தாடையின் கீழுள்ள இதை 'இருதிரள் தசை' என்று அதற்கு இணையாக வைக்கலாம். இதன் முன்பகுதிக்கு ஐந்தாம் மண்டை நரம்பும், பின்பகுதிக்கு ஏழாவதும் வருவதால் இரண்டையும் தனித்தனியே சொல்ல வேண்டிய தேவை அடிக்கடி எழும். முன்திரள், பின்திரள் என்றால் பொருள் உடனே விளங்கும். முன்வயிறு, பின்வயிறு என்று நோயாளியின் குறிப்பேட்டில் எழுதினால், அவரைக் குடல் மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்கள்.