உபுண்டுவில் எக்ஸ்எஃப்சிஇ போட எந்தக் கோப்பை டவுன்லோட் செய்ய வேண்டும்?

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவின் பழைய லேப்டாப்பில் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இருக்கிறது. 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். அம்மா ஆசிரியர், வினாத்தாள் அடிக்கத்தான் முக்கியமாக அது வேண்டும். லிப்ரே ஆபிஸும் ஃபயர்ஃபாக்ஸும் சேர்ந்து திறந்திருந்தால் மவுஸே நின்று நின்று நகர்கிறது. எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப் (மெனு, பேனல், ஜன்னல்கள் எல்லாம் சேர்ந்த திரை) இலேசானது என்று கேள்விப்பட்டு அவர்கள் தளத்துக்குப் போனால், செட்டப் கோப்பு என்று ஒன்றையும் காணோம். துனார், கார்சன், எக்ஸ்எஃப்கான்ஃப் என்று வரிசையாகத் தார் கோப்புகள் (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய மூட்டைகள்). இதில் எது வேண்டும்? எல்லாமுமா? போன் ஹாட்ஸ்பாட்டில்தான் நெட், வீணாக எதையும் இறக்க முடியாது. அம்மா தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்பவர், அதுவும் கெடக் கூடாது.

அச்சுக்கூடம்:
வைகைக்கரை, அந்தத் தார் கோப்புகள் எதையும் தொட வேண்டாம். அவை மூல நிரல். துனார் கோப்புகளைத் திறந்து பார்ப்பதற்கு, எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 ஜன்னல்களை நிர்வகிக்க, பேனல் தனி, செட்டிங்ஸ் தனி. எக்ஸ்எஃப்சிஇ என்பது இப்படிப் பல துண்டுகள் சேர்ந்த ஒரு தொகுதி. மூலத்திலிருந்து கட்டுவதானால் முதலில் லிப்எக்ஸ்எஃப்சிஇ4யூட்டில், பிறகு எக்ஸ்எஃப்கான்ஃப், பிறகு லிப்எக்ஸ்எஃப்சிஇ4யூஐ என்று வரிசை பிசகாமல் கம்பைல் செய்ய வேண்டும். அந்த வேலையை உபுண்டு, டெபியன் ஆட்கள் உங்களுக்காக ஏற்கெனவே செய்து, ஆப்ட் கட்டளை மென்பொருள் பொதிகளை எடுக்கும் களஞ்சியத்தில் வைத்துவிட்டார்கள். நீங்கள் அங்கிருந்து எடுத்துக்கொண்டால் போதும், காசும் கிடையாது.

டெர்மினலைத் திறந்து, முதலில் சுடோ ஆப்ட் அப்டேட். அது முடிந்ததும் சுடோ ஆப்ட் இன்ஸ்டால் எக்ஸ்எஃப்சிஇ4. பொதியின் பெயர் எல்லாம் சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி இல்லை. எவ்வளவு எம்பி இறங்கும், டிஸ்கில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று காட்டிவிட்டுத்தான் Y-யா (சரி) n-ஆ (வேண்டாம்) என்று கேட்கும். அன்றைய டேட்டா போதாது என்று தோன்றினால் n அழுத்திவிட்டு வந்துவிடலாம், எதுவும் ஆகாது. நடுவில் லாகின் திரைக்கு ஜிடிஎம்3 வேண்டுமா, லைட்டிடிஎம் வேண்டுமா என்று கேட்டால் இருக்கிற ஜிடிஎம்3-ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

சுபுண்டு-டெஸ்க்டாப் என்ற பொதியைப் போடச் சொல்லி யாராவது வருவார்கள். அது நல்ல பொதிதான், ஆனால் சுபுண்டுவின் (எக்ஸ்எஃப்சிஇயோடு வரும் உபுண்டு வகை) தோற்றம், கூடுதல் மென்பொருள்கள் எல்லாம் சேர்ந்து இறங்கும். ஹாட்ஸ்பாட்டுக்கு அது வேண்டாம்.

நான் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கடையில் மெஷின்கள் எல்லாமே எக்ஸ்எஃப்சிஇதான். 1996-இல் ஒலிவியே ஃபூர்தான் தொடங்கிய திட்டம், இன்றைக்கும் மெனு எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே இருக்கிறது. புதுப் பதிப்பு வந்தால் வேலை செய்பவர்களுக்கு மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அம்மா மாதிரி ஆட்களுக்கு வேகத்தைவிட இதுதான் பெரிய விஷயம் என்பேன்.

நீலமலை:
புதிதாகவே போட்டுவிடலாமே? சுபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ ஐஎஸ்ஓவை (முழு நிறுவல் கோப்பு) இறக்கி பென் டிரைவில் ஏற்றினால் சுத்தமாக இருக்கும்.

அச்சுக்கூடம்:
போடலாம், நண்பர் வீட்டு வைஃபை கிடைத்தால். ஆனால் ஐஎஸ்ஓ இறக்குகிறவர்கள் ஷா256 எண்ணை (கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் கைரேகை மாதிரி) சரிபார்க்காமல் பென் டிரைவில் ஏற்றாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் டவுன்லோட் இணைப்பையே மாற்றி, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். தளத்தையே பிடித்தவன் அங்கே போட்டிருக்கும் ஷா எண்ணையும் மாற்றிவிட முடியும், அதனால் அந்த எண்கள் உள்ள கோப்பின் ஜிபிஜி கையொப்பத்தையும் (வெளியிட்டவர்கள்தான் தந்தது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம்) பாருங்கள். ஆப்ட் வழியாக எடுக்கும்போது இந்தக் கையொப்பச் சோதனை தானாகவே நடந்துவிடுகிறது. களஞ்சியத்தையே நான் முதலில் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

எழுத்தாணி:
தமிழ்99 பற்றி நான் சொல்கிறேன். உபுண்டுவின் வழக்கமான டெஸ்க்டாப்பான க்னோமில், தமிழ் போன்ற மொழிகளைத் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் உள்ளேயே இணைந்திருப்பதால் தானாக ஓடும். எக்ஸ்எஃப்சிஇக்குப் போனதும் சில கணினிகளில் அது தொடங்குவதில்லை, தமிழ் போய்விட்டது என்று பயந்துவிடுவோம். செட்டிங்ஸில் செஷன் அண்ட் ஸ்டார்ட்அப் திறந்து, ஆட்டோஸ்டார்ட் பகுதியில் ஐபஸ்-டீமன் என்று சேர்த்துவிட்டு ஒருமுறை வெளியேறி வாருங்கள். பேனலில் ஐபஸ் சின்னம் வந்துவிடும். அதன் விருப்பங்களில் எம்17என் (ஐபஸுக்கு விசைப்பலகை முறைகளைத் தரும் தொகுப்பு) தமிழ்99 பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை:
அண்ணா, நீங்கள் சொன்னபடியே போட்டேன், பிழை ஒன்றும் காட்டவில்லை. ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் பழைய திரைதான் வருகிறது. க்னோமை அழித்தால் இது வருமா?

அச்சுக்கூடம்:
அழிக்காதீர்கள்! ஜிடிஎம்3 க்னோம் ஷெல்லை நம்பி நிற்கிற பொதி. ஷெல்லை நீக்கினால் அதுவும் சேர்ந்து போய்விடும், வேறு ஒன்று இல்லையென்றால் லாகின் திரையே இருக்காது. இரண்டும் ஒரே கணினியில் இருப்பதில் தொல்லை இல்லை, பயன்படுத்தாதது டிஸ்கில் சும்மா கிடக்கும், ராமைத் தின்னாது.

ஆட்டோமேட்டிக் லாகின் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அதனால்தான் தேர்ந்தெடுக்க வாய்ப்பே வரவில்லை. லாக் அவுட் செய்யுங்கள். அம்மாவின் பெயரை அழுத்தியதும் பாஸ்வேர்டு கேட்கும். அந்த நேரத்தில் மட்டும் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு பல்சக்கரம் தெரியும். அதற்குள் எக்ஸ்எஃப்சிஇ செஷன். ஒருமுறை தேர்ந்தெடுத்தால் அடுத்த தடவையும் அதுவே வரும்.

ஃபயர்ஃபாக்ஸில் நிறைய டேப் திறந்தால் எந்த டெஸ்க்டாப்பும் 4 ஜிபியைக் காப்பாற்றாது, அதையும் அம்மாவிடம் சொல்லிவையுங்கள். கையில் காசு சேரும்போது அந்த ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டுக்கொடுங்கள்.

வைகைக்கரை:
பல்சக்கரம் கிடைத்தது, எக்ஸ்எஃப்சிஇ வந்துவிட்டது. ஐபஸ்-டீமனும் சேர்த்தாயிற்று, ரைட்டரில் தமிழ்99 ஓடுகிறது. எழுத்தாணிக்கும் நன்றி. எஸ்எஸ்டி எந்த அளவு வாங்கலாம் என்று தனித் திரியில் கேட்கிறேன் அண்ணா.