ஆனந்த வருஷம் மாசி 10: கொள்ளுத்தாத்தாவின் இறப்புப் பதிவு கிடைக்கவில்லை, உதவி தேவை

எண்ணூர் ரோடு
வம்சாவளி எழுதுகிறேன், கொள்ளுத்தாத்தாவோடு நிற்கிறது. பெயர் முனுசாமி, ஊர் திருவொற்றியூர். பாட்டியின் கணக்கு நோட்டில் "ஆனந்த வரு. மாசி 10, மாமா காலகதி" என்று ஒரு வரி இருக்கிறது. ஆனந்த என்றால் 1974தானே? திருவொற்றியூர் மண்டல அலுவலகத்தில் அந்த வருஷத்துக்குத் தேடிப் பார்த்தாயிற்று, பதிவில் இல்லை. இணையத்தில் இருக்கும் 2002/2005 வாக்காளர் பட்டியலிலோ "முனுசாமி, த/பெ கோவிந்தசாமி, வயது 61" என்று ஒருவர் வருகிறார். எது சரி? கையில் 500 ரூபாய்தான் இருக்கிறது.

காலடிப்பேட்டை
வருஷத்தில்தான் கோளாறு. ஆனந்த வருஷம் 1974 சித்திரையில் பிறந்து 1975 பங்குனியில் முடிகிறது. மாசி 10 என்றால் 1975 பிப்ரவரி 22 வாக்கில் வரும். தை பிறந்தாலே ஆங்கில வருஷத்தில் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். மார்கழிப் பாதிக்கு மேலும் அப்படித்தான்.
இன்னொரு கண்ணி: 60 வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். 1914-15ம் ஆனந்தவே. பாட்டி கைப்பட எழுதியது என்பதால் உங்களுக்கு அந்தச் சந்தேகமில்லை. கல்லறைக் கல்லில் வெறும் தமிழ் வருஷம் மட்டும் இருந்தால் உஷாராக இருங்கள்.

மூலக்கொத்தளம்
எந்த இடத்தில் உயிர் பிரிந்தது என்று கேட்டீர்களா? குடியிருந்த ஊரில் அல்ல, இறந்த இடத்தில்தான் பதிவாகும். 2011 வரை திருவொற்றியூர் தனி நகராட்சி. வீட்டில் இறந்திருந்தால் அந்தப் பழைய நகராட்சிப் பதிவேடு. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் சென்னை மாநகராட்சிப் பதிவேடு. திருவொற்றியூரில் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது.

எண்ணூர் ரோடு
ஸ்டான்லியில்தான் என்று இப்போது அத்தை சொல்கிறார்.

மூலக்கொத்தளம்
அப்படியானால் முதலில் மாநகராட்சி இணையதளத்தில் இறப்புப் பக்கத்தில் பாருங்கள், காசு கிடையாது. பிப்ரவரி 22, அதற்கு முன் ஒரு நாள், பின் ஒரு நாள் என்று போட்டுப் பாருங்கள். பழைய பதிவெல்லாம் ஏறியிருக்கும் என்று நம்ப வேண்டாம். இல்லையென்றால் மட்டும் நேரில் மனு. தேடுகட்டணம் வருஷக் கணக்கில் ஏறும், அதனால் "1970 முதல் 1980 வரை" என்று எழுதிவிடாதீர்கள். "1975" என்று ஒற்றை வருஷம். நகலில் சாவுக்கான காரணம் இருக்காது, 1969 பதிவுச் சட்டமே தரக்கூடாது என்கிறது. நமக்கு வேண்டியது தகப்பன்/கணவர் பெயரும் விலாசமும்.

கத்திவாக்கம் அக்கா
தம்பி, அந்த "மாமா" யாரென்று முடிவு பண்ணிட்டியா? மாமனாரும் மாமாதான், தாய்மாமனும் மாமாதான், நம்ம பக்கம் புருஷனையும் மாமா என்பார்கள். பாட்டி சொந்தத் தாய்மாமனையே கட்டியிருந்தால் இன்னும் குழப்பம்.
காசில்லாத வழி கல்யாணப் பத்திரிகை. "இன்னாரின் பேரனும் இன்னாரின் குமாரனும்" என்று மூன்று தலைமுறை ஒரே வரியில் கிடைக்கும். 1973 பத்திரிகையில் "திரு. முனுசாமி", 1976ல் "தெய்வத்திரு. முனுசாமி" என்றிருந்தால் அந்த இடைவெளியில்தான் இறந்திருக்கிறார். அத்தைமார், சித்திமார் பீரோவில் கேட்டால் கட்டுக்கட்டாக வரும். தாசில்தார் கொடுத்த பழைய வாரிசுச் சான்று இருந்தால் இன்னும் நல்லது. வீட்டார் மறந்துபோன பெண்பிள்ளைகள் பெயரும் அதில் இருக்கும்.

காலடிப்பேட்டை
பட்டியலில் வரும் 61 வயதுக்காரர் பேரனாக இருக்கலாம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம்: முனுசாமி மகன் கோவிந்தசாமி, அவர் மகன் மறுபடி முனுசாமி. இனிஷியல் கோ., மு. என்று மாறி மாறி வரும். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயரும் கோவிந்தசாமியாக இருந்தால் இனிஷியலும் கைகொடுக்காது. வயதும் வீட்டிலுள்ள மற்றவர்கள் பெயரும்தான் பிரித்துக் காட்டும். கதவு எண்ணை நம்பினால் புதிய எண், பழைய எண் இரண்டையும் குறியுங்கள். தெருப் பெயரிலும் முதலி, நாயக்கன் என்ற வால் 1970களின் கடைசியில் உதிர்ந்தது, பத்திரத்தில் பழைய பெயர்தான் இருக்கும்.

எண்ணூர் ரோடு
நோட்டை மறுபடி பார்த்தேன். அதே பக்கத்தில் கீழே "மாமி தாலி" என்று ஒரு செலவு, 11 ரூபாய்.

கத்திவாக்கம் அக்கா
தாலி இழந்தது மாமி என்றால் செத்தது மாமியின் புருஷன், பாட்டியின் புருஷன் இல்லை. மாமனாரா, தாய்மாமனா என்பதுதான் பாக்கி. அத்தையிடம் கேட்டுவிட்டு அப்புறம் மனுவுக்குக் காசு கட்டு.