கல்லறையில் விழா எடுப்பது யூத மரபே அல்ல என்று எழுதியவருக்கு

உப்பளத்தான்:
எருசலேம் இழையில் ஏட்டுச்சுவடி நேற்று போகிற போக்கில் எழுதியது இது: "புனிதர்களின் கல்லறையில் கூடி ஆடிப்பாடி விருந்து வைப்பது மொராக்கோ யூதர்கள் கொண்டுவந்த பழக்கம். படித்த யூதர்கள் அதை ஏற்றதில்லை. ஹதாம் சோஃபரே தடை செய்துவிட்டார்." மூன்று வாக்கியங்கள், மூன்றும் தவறு. (ஹதாம் சோஃபர் பிரஸ்பர்க் நகரத்துப் பெரிய ரபி, அதாவது யூத மதகுரு.) அங்கே பதில் சொன்னால் இழை திசைமாறும் என்பதால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

12ஆம் நூற்றாண்டில் துதேலா ஊர் யூதப் பயணி பெஞ்சமின் இன்றைய இராக்கில் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் கல்லறையைப் பார்த்து எழுதியிருக்கிறார். யூதப் புத்தாண்டு முதல் பாவநிவாரண நாள் வரை தொலைவிலிருந்தெல்லாம் மக்கள் திரள்கிறார்கள். பாக்தாத்திலிருந்து சமூகத் தலைவரும் கல்விக்கூடத் தலைவர்களும் வந்து திறந்த வெளியில் தங்குகிறார்கள். வணிகர்கள் வந்து சந்தையே கூடிவிடுகிறது. கல்விக்கூடத் தலைவர்கள் படிக்காதவர்களா? இதில் மொராக்கோ எங்கே வந்தது?

ஏட்டுச்சுவடி:
ஒரு பயணக்குறிப்பை வைத்து மரபை நிறுவிவிட முடியாது ஐயா. கூட்டம் கூடியது என்பதும் கூடுவது சரி என்பதும் வேறு வேறு. "செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன்" உங்களுக்குள் இருக்க வேண்டாம் என்று உபாகமம் 18ஆம் அதிகாரம் சொல்கிறது. மோசேயின் கல்லறை எங்கே என்று ஒருவரும் அறியார் என்று அதே நூலின் கடைசி அதிகாரம் முடிக்கிறது. நீதிமான்களின் கல்லறை மேல் நினைவுச்சின்னம் எழுப்ப வேண்டாம், அவர்கள் சொற்களே அவர்களுக்கு நினைவு என்று 12ஆம் நூற்றாண்டு யூதச் சட்ட அறிஞர் மைமோனிடஸ் சட்டமாகவே எழுதினார். கல்லறைக்குப் போகாதீர்கள் என்று வில்னா காவோன் என்ற 18ஆம் நூற்றாண்டுப் பெரிய ரபி தம் குடும்பத்துக்குக் கடிதம் எழுதினார். கலிலேயாவின் மெரோன் ஊரில், ரபி ஷிமோன் பார் யோஹாயின் கல்லறையில், லாக் பாஓமெர் என்ற வசந்தகாலத் திருநாளில் நடக்கும் விழாவை ஹதாம் சோஃபர் தடை செய்தார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

உப்பளத்தான்:
கடைசி வரியை மறுபடியும் எழுதிவிட்டீர்கள். எங்கே தடை செய்தார்? பிரஸ்பர்க் நகரத்து ஹதாம் சோஃபர் சட்டக் கேள்விகளுக்கு எழுதிய பதில்களில் யோரே தேயா என்ற பகுதியின் 233ஐத்தானே சொல்கிறீர்கள்? அற்புதம் நிகழாத, ரபிகளின் பழைய விவாதத் தொகுப்பான தல்மூதிலும் சட்ட நூல்களிலும் இல்லாத ஒரு நாளைப் பண்டிகையாக்கலாமா என்று அவர் ஐயம் எழுப்புகிறார். உண்மை. ஆனால் அங்கே போகிறவர்களின் நோக்கம் இறைவனுக்கானது என்றும் அதே இடத்தில் எழுதுகிறார். தான் அவர்களோடு சேராமல் விலகி நிற்பதாகச் சொல்கிறார். ஒருவர் தான் விலகிக்கொள்வது பிறருக்குத் தடையாகுமா?

மைமோனிடஸ் பற்றி ஒன்று. கல்லறை மேல் எதுவும் எழுப்பாதே என்றவரின் கல்லறை மேல் திபேரியாவில் உயரமான சிவப்பு இரும்புச் சட்டகம் நிற்கிறது. வில்னியஸில் காவோனின் கல்லறைக்கு இன்றும் மக்கள் வந்து வேண்டுதல் சீட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள். உங்கள் இரண்டு சாட்சிகளும் இன்று யாத்திரைத் தலங்கள்.

மலைமேடு:
இருவரும் நூல்களிலேயே நிற்கிறீர்கள். நான் இஸ்ரேலில் முதியோர் பராமரிப்பு வேலை பார்த்தவன். நான் கவனித்துக்கொண்ட மொராக்கோ மூதாட்டியை நெதிவோத் ஊருக்கு, 1984இல் மறைந்த பாபா சாலி என்ற ரபியின் கல்லறைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். வெள்ளைக் குவிமாடம். வெளியே ஒரு சூளை. பெண்கள் மெழுகுவர்த்திகளைப் பொட்டலம் பொட்டலமாக அதில் வீசுகிறார்கள். உள்ளே கல்லறை மேல் தண்ணீர் பாட்டில்களையும் அரக் என்ற மது பாட்டில்களையும் சற்று நேரம் வைத்து எடுக்கிறார்கள். மூதாட்டி கல்லில் கன்னத்தை வைத்துக்கொண்டு மகளின் பெயரையும் மருமகனின் பெயரையும் சொன்னார். பிறகு வெளியே வந்து முன்பின் தெரியாத குடும்பத்தோடு அமர்ந்து சாப்பிட்டார். இதைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துனிசியாவில் ஜெர்பா தீவுக் கல்லறையிலும் இப்படித்தான் நடக்கும் என்று அவர் சொன்னார்.

ஏட்டுச்சுவடி:
ஜெர்பாவில் இருப்பது கல்லறை அல்ல. அல் கிரிபா ஒரு தொழுகைக்கூடம். இந்தத் தரத்தில்தான் இந்த இழை போகிறது. கன்னத்தை வைத்தார், கண்ணீர் விட்டார் என்றெல்லாம் எழுதினால் ஹதாம் சோஃபரின் தடை நீங்கிவிடுமா?

மலைமேடு:
லாக் பாஓமெர் நாளில் ஜெர்பாவுக்கு யாத்திரை போகிறார்களா இல்லையா? போகிறார்கள். கட்டடம் எது என்பதா இங்கே பேச்சு? நான் கண்ணீர் என்று எழுதவும் இல்லை. எழுதாததைப் படிப்பது உங்களுக்குப் பழக்கம். பூரிம் இழையிலும் இதைத்தான் செய்தீர்கள்.

உப்பளத்தான்:
மலைமேடு, அவரை விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். ஏட்டுச்சுவடி அவர்களே, "தடை" என்று மூன்றாவது முறை எழுதியிருக்கிறீர்கள். வாசகத்தைக் காட்டுங்கள்.

இதற்கிடையில் உங்கள் "மொராக்கோ" கதையையும் முடித்துவிடுகிறேன். 10ஆம் நூற்றாண்டில் வேதத்தை மட்டும் ஏற்று தல்மூதை மறுத்த காராயிதப் பிரிவைச் சேர்ந்த சஹல் பென் மத்ஸ்லியா, ரபிகளைப் பின்பற்றும் யூதர்களைக் கடுமையாகத் திட்டி எழுதினார். கல்லறைகளுக்கு நடுவே உட்காருகிறார்கள், விளக்கேற்றுகிறார்கள், "கலிலேயரான ரபி யோசே, என்னைக் குணமாக்கும், எனக்குப் பிள்ளை வரம் கொடும்" என்று கேட்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. இது நடந்தது இஸ்ரேல் மண்ணில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. நெதிவோத் ஊரே இல்லாத காலம்.

ஏட்டுச்சுவடி:
நன்றி. என் வேலையை நீங்களே செய்துவிட்டீர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது சிலை வழிபாடு போன்றது என்று எதிர்ப்பு இருந்திருக்கிறது.

உப்பளத்தான்:
எதிர்த்தவர் தல்மூதையே ஏற்காதவர்! அவரைச் சாட்சிக்கு அழைத்தால் தல்மூதைக் கைவிட வேண்டும். கைவிட்டால் உங்கள் ஹதாம் சோஃபரும் கூடவே போய்விடுவார். தல்மூதின் சோத்தா நூல் 34இல் காலேப் எப்ரோனுக்குப் போய் முற்பிதாக்களின் கல்லறை மேல் விழுந்து "என் தந்தையரே, எனக்காக இரக்கம் கேளுங்கள்" என்கிறார். அதன் தானித் நூல் 16இல், பஞ்ச காலத்தில் ஏன் இடுகாட்டுக்குப் போகிறோம் என்ற கேள்விக்கு ஒரு ரபி சொல்லும் பதில்: இறந்தவர்கள் நமக்காக இரக்கம் கேட்பதற்காக. இதையெல்லாம் மொராக்கோக்காரர்களா எழுதினார்கள்?

ஏட்டுச்சுவடி:
அதே தானித் 16இல் மற்றொரு ரபியின் பதிலும் இருக்கிறது. உம் முன்னால் நாங்கள் செத்தவர்களைப் போல இருக்கிறோம் என்று காட்டத்தான் போகிறோம் என்கிறார் அவர். அதை வசதியாக மறைத்துவிட்டீர்கள். மேலும், பஞ்ச காலத்து அழுகைக்கும் மெரோனில் விடிய விடிய ஆடுவதற்கும் என்ன தொடர்பு? தீயில் விலையுயர்ந்த ஆடைகளைப் போட்டு எரித்தார்களே, அதுவும் காலேப் காட்டிய வழியா? அதை எதிர்த்து லெம்பெர்க் நகரத்து யோசேப் சாவுல் நாதன்சன் எழுதியது உங்களுக்குத் தெரியாதா?

நீலாம்பரி:
இத்தனை பேசுகிறீர்கள், உமானைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே? 1810இல் மறைந்த ரபி நாஹ்மனின் கல்லறைக்குப் புத்தாண்டுதோறும் பல்லாயிரம் ஆண்கள் உக்ரைனின் உமான் நகருக்குப் போகிறார்கள். ஒரு நாணயம் தர்மம் செய்து பத்துச் சங்கீதங்கள் சொன்னால், நரகத்திலிருந்து கிருதாவைப் பிடித்து இழுத்தாவது காப்பாற்றுவேன் என்றாராம். பண்டிகை நாளில் மனைவி வீட்டில் பிள்ளைகளோடு தனியாக இருக்கிறாள். அவளை யார் காப்பாற்றுவது? மலைமேடு சொன்ன நெதிவோத்தில் பெண்கள் இருக்கிறார்கள், மெரோனில் இருக்கிறார்கள். உமானுக்கு மட்டும் ஏன் இந்த வழக்கம்? இராக்கில் பிறந்த ரபி ஒவாதியா யோசேப்பே உமான் பயணத்தை எதிர்த்தார். ஆக, கிழக்கத்திய யூதர்கள் எல்லோரும் ஆதரவு, ஐரோப்பியர் எல்லோரும் எதிர்ப்பு என்று நீங்கள் இருவரும் போட்ட கோடே தவறு.

உப்பளத்தான்:
அம்மா, அந்தக் கோட்டை நான் போடவில்லை, ஏட்டுச்சுவடி போட்டார். யேமனைப் பாருங்கள். தாயிஸ் நகரில் யூதக் கவிஞர் ஷபாசியின் கல்லறைக்கு யூதர்களும் போனார்கள், முஸ்லிம்களும் போனார்கள். அதே யேமனில் ரபி யிஹ்யா காஃபிஹ் யூத மறைஞான நூலான ஜோஹரையே எதிர்த்தார். ஒரே நாடு, ஒரே மொழி, இரண்டு மனம். நம் பக்கத்தில் கொச்சியையே பாருங்கள். மட்டாஞ்சேரியில் நெகேமியா மூத்தாவின் கல்லறையில் யூதர்கள் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், அக்கம்பக்கத்து மற்ற மதத்தாரும் ஏற்றினார்கள். அவர் மறைந்தது 1615இல். பிரஸ்பர்க்கிடம் அனுமதி கேட்டா ஏற்றினார்கள்?

நீலாம்பரி:
என் கேள்வி மனைவியைப் பற்றியது. பதில் கொச்சியிலிருந்து வருகிறது.

ஏட்டுச்சுவடி:
அவர் எப்போதும் அப்படித்தான். மாட்டிக்கொண்டால் ஊர் மாறுவார். 2021இல் மெரோனில் அந்தக் குறுகிய சரிவுப் பாதையில் நெரிசலில் 45 பேர் செத்தார்கள். கல்லறை விழா கொண்டாடித்தான் தீர வேண்டும் என்ற பிடிவாதம் கொடுத்த விலை அது.

மலைமேடு:
செத்தவர்களை வாதத்துக்கு இழுக்காதீர்கள். அவர்களில் சிறுவர்கள் இருந்தார்கள். விசாரணை ஆணையம் 2024இல் கொடுத்த அறிக்கை பிரதமர் நெதன்யாகுவையே தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்கியது. பாதையைச் சரிசெய்யாமல் விட்டது ஆட்சி. பிரார்த்தனை செய்ய வந்தவர்கள் செய்த குற்றம் என்ன?

ஏட்டுச்சுவடி:
1837இல் மெரோனுக்கு அருகிலுள்ள சஃபேத் நகரை நிலநடுக்கம் அழித்தபோது ஹதாம் சோஃபர் என்ன எழுதினார் தெரியுமா? எருசலேமை மறந்துவிட்டு எல்லோரும் சஃபேத்துக்கும் ஷிமோன் பார் யோஹாயின் கல்லறைக்கும் ஓடியதால் எருசலேம் கொண்ட வைராக்கியம் என்றார். தடை செய்யாதவர் இப்படியா எழுதுவார்?

உப்பளத்தான்:
எருசலேமின் மானத்துக்காக அவர் பேசியது அது. கல்லறைக்குப் போகாதே என்று அதிலும் சொல்லவில்லை! கண்டித்தார், ஐயப்பட்டார், விலகி நின்றார். தடை எங்கே? காட்டுங்கள், இந்த இழையை நானே மூடச் சொல்கிறேன்.

ஏட்டுச்சுவடி:
ஐயப்பட்டார், கண்டித்தார், விலகினார். படிக்கத் தெரிந்தவனுக்கு அது போதும். பாமரனுக்கு மட்டும்தான் பலகை எழுதி மாட்ட வேண்டும்.

உப்பளத்தான்:
பாமரன் என்கிறீர்கள். சரி, பாமரனாகவே கேட்கிறேன். யோரே தேயா 233, எந்த வரி?

நீலாம்பரி:
உமான் பற்றித் தனி இழை தொடங்கியிருக்கிறேன். அங்கே ஹதாம் சோஃபரைக் கொண்டுவந்தால் மட்டுறுத்துநரிடம் சொல்லிவிடுவேன்.

ஏட்டுச்சுவடி:
அங்கேயும் வருவேன். உமானைப் பற்றிப் பேசினால் அந்தத் தடையைப் பேசாமல் எப்படி?

உப்பளத்தான்:
எந்தத் தடை?