பாட்டி சிலையின் முகத்தில் வெடிப்பு, மூக்கும் போய்விட்டது. காப்பாற்ற முடியுமா?

கேட்டவர்: கட்டைவிரல்

வணக்கம். காற்றில் விழுந்த ஒரு மரத்தின் அடித்துண்டில், முழங்காலில் கையை ஊன்றி உட்கார்ந்திருக்கும் பாட்டி உருவம் செதுக்கிக்கொண்டிருக்கிறேன். கட்டை 110 செ.மீ. உயரம், குறுக்களவு 45 செ.மீ. அறுத்து ஆறு வாரம்தான் ஆகிறது, இன்னும் பச்சை. என்ன மரம் என்று தெரியவில்லை. நடுவில் பழுப்பாக வைரம் பாய்ந்திருக்கிறது, ஓரம் நான்கு விரல் அகலத்துக்கு வெளுப்பு.

செயின்சாவால் தலை, தோள், மடி என்று பிரித்தேன். பிறகு ஆங்கிள் கிரைண்டரில் சங்கிலிப் பல் வைத்த டிஸ்க்கை மாட்டி முகத்தைக் கொண்டுவந்தேன். போன வாரம் உச்சந்தலையில் நூல் மாதிரி ஒரு கோடு தெரிந்தது. இன்று அது நெற்றி வழியாக இடது கண்ணைத் தாண்டிக் கன்னத்துக்கு வந்துவிட்டது, மேலே 4 மி.மீ. அகலம். இதற்கு நடுவில், மூக்கைப் பக்கவாட்டில் ஒதுக்கும்போது பாதி மூக்கு சில்லாகப் பெயர்ந்துவிட்டது. தூளுக்குள் தேடினேன், கிடைக்கவில்லை. இன்னொன்று, 80 நம்பர் ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடல்களால் ஆன தேய்ப்புத் தட்டு) போட்டால் வழவழப்பு வராமல் பஞ்சு மாதிரி நார் எழும்புகிறது, டிஸ்க் அடைத்துக்கொண்டு மரத்தைக் கருக்குகிறது.

இது என் அம்மாவைப் பெற்ற பாட்டி. நினைவிலிருந்துதான் முகத்தைப் பிடித்தேன், இன்னொரு முறை அதே மாதிரி வருமா என்று தெரியாது. இந்தக் கட்டையிலேயே வழி இருந்தால் சொல்லுங்கள்.

மரத்தூள்:

வெடிப்புக்குள் அதே மரத்தின் தூளை அடைத்து, மேலே உடனடிப் பசையைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஐந்து நிமிடத்தில் கல்லாகிவிடும், அப்புறம் தேய்த்துவிடலாம். நான் சின்னப் பொம்மைகளில் இப்படித்தான் செய்கிறேன், இதுவரை பிரிந்ததில்லை.

சாய்வெட்டு:

தம்பி, தயவுசெய்து இப்போது எதையும் அடைக்காதீர்கள். மேலே நண்பர் சொன்னது காய்ந்த சின்னக் கட்டைக்குச் சரி. இது நடுமையம் உள்ளேயே இருக்கும் முழு உருட்டுக்கட்டை.

மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. வளையங்களைச் சுற்றியுள்ள திசையில் சுருங்குவது, மையத்தை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதாவது சுற்றளவு குறைய வேண்டிய அளவுக்கு உள்ளே இடம் குறைவதில்லை. உங்கள் கட்டையின் சுற்றளவு சுமார் 141 செ.மீ. பல மரங்களுக்குப் பொருந்தும் கணக்கைப் போட்டால், காய்ந்து முடிவதற்குள் சுற்றிலும் மொத்தமாக 3 செ.மீ. போல இடைவெளி எங்காவது திறந்தே ஆக வேண்டும். நீங்கள் இடம் காட்டாவிட்டால் மரமே ஓர் இடத்தைத் தேடிக்கொள்ளும். இப்போது தேடிக்கொண்டது பாட்டியின் முகத்தை. அங்கே பசையைப் போட்டு இறுக்கினால் அதற்கு ஒரு விரல் தள்ளி இன்னொரு வெடிப்பு வரும்.

ஆகவே முதுகில் இடம் கொடுங்கள். பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை நேராக ஒரு அறுப்பு, ஆழம் கட்டையின் மையம் வரை. இனிமேல் வரும் சுருக்கத்தில் பெரும்பகுதியை அந்த வாய் வாங்கிக்கொள்ளும். முன்பக்க வெடிப்பு அப்படியே நிற்கும், கொஞ்சம் மூடிக்கொள்ளவும் செய்யலாம். பாட்டிக்குக் கொண்டையோ முந்தானையோ இருந்தால் அறுப்பு அந்த மடிப்புக்குள் மறைந்துவிடும்.

அதைவிட அவசரம் உச்சந்தலை. நார் வெட்டப்பட்ட முனை அங்கே திறந்து கிடக்கிறது. பக்கவாட்டை விட முனை வழியாகத்தான் ஈரம் பல மடங்கு வேகமாக ஓடும், அதனால்தான் வெடிப்பு தலையில் ஆரம்பித்தது. இன்றைக்கே உருக்கிய மெழுகோ வெள்ளைப் பசையோ இரண்டு பூச்சு கொடுங்கள். வேலை செய்யாத நேரத்தில் தலைக்கு ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து வையுங்கள். வெயில், மின்விசிறி இரண்டும் கூடாது.

கட்டைவிரல்:

நன்றி அண்ணா. பை போட்டுவிட்டேன், பசையும் பூசிவிட்டேன். முதுகு அறுப்பை எப்படிப் போடுவது? சிலையை நிற்க வைத்து, செயின்சா நுனியை நேராக உள்ளே குத்தலாமா? முகத்தில் அப்படித்தான் கண் குழியை எடுத்தேன்.

இருமுனை:

அப்படிச் செய்யாதீர்கள். செயின்சாவின் சாதாரணப் பாரின் (சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகட்டின்) நுனியில் மேல் கால்பகுதி மரத்தில் பட்டால், இமைப்பதற்குள் ரம்பம் எகிறி உங்கள் முகத்துக்கு வரும். கண் குழி எடுக்கும்போது தப்பியது அதிர்ஷ்டம். நுண்வேலைக்கு என்றே நுனி சிறுத்த செதுக்குப் பார் இருக்கிறது, அதற்கு 1/4 அங்குலச் சங்கிலி. எகிறல் வெகுவாகக் குறையும், ஆனால் இல்லாமல் போய்விடாது.

சிலையைக் குப்புறப் படுக்க வையுங்கள். முகம் தரையில் படாதபடி மார்புக்கும் மடிக்கும் கீழே மணல் மூட்டை, இரண்டு இடத்தில் பட்டை போட்டு இறுக்குங்கள். பாரின் அடிப்பக்கத்தால் நீளவாக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். செதுக்கிய பிறகு முதுகிலிருந்து மையம் எவ்வளவு தூரம் என்று அடிப்பாகத்தில் அளந்து, அந்த ஆழத்தைப் பாரில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

கிரைண்டரில் மாட்டிய சங்கிலிப் பல் டிஸ்க்கையும் கழற்றிவிடுங்கள். உங்கள் மூக்கு போனதே அதனால்தான் என்று நினைக்கிறேன். பல் நாரைக் கவ்வி இழுக்கும், மரம் பெயரும், சில சமயம் இயந்திரமே கையை விட்டுப் போகும். டங்ஸ்டன் கார்பைடு முள் டிஸ்க் மெதுவாகத்தான் தின்னும், ஆனால் கவ்வாது. டிஸ்க்கில் எழுதியிருக்கும் வேகம் இயந்திரத்தின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் மாட்டவே வேண்டாம். பக்கக் கைப்பிடி, காப்பு மூடி இரண்டும் இருக்கட்டும். தூளுக்குத் துணி கட்டினால் போதாது, வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். மரத்தூள் புற்றுநோய் வருவிக்கும் என்று உறுதியான பொருள்களின் பட்டியலில் இருக்கிறது.

கொட்டாப்புளி:

நான் மூக்கைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஒட்டுப்போட வேண்டாம், முழு முகத்தையும் பின்னால் தள்ளுங்கள்.

உங்கள் விவரத்தைப் படித்தால் முகம் தட்டையாக இருக்கும் என்றே தோன்றுகிறது. புதிதாகச் செதுக்கும் எல்லாரும் தட்டை மேல் கண், மூக்கு, வாய் வரைகிறோம். முகத்தை ஒரு சுவரின் மூலையாக நினைத்துப் பாருங்கள். மூலையின் விளிம்பில் மூக்கு, இரண்டு சுவர்களும் கன்னங்கள், அவை காதை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே போகும். இப்போது மிச்சமிருக்கும் பாதி மூக்கின் உயரத்தையே புது மூக்கின் நுனி என்று வைத்து, கன்னம், மேலுதடு, கண் எல்லாவற்றையும் 2 செ.மீ. உள்ளே இறக்குங்கள். தலை கொஞ்சம் சிறுக்கும். பாட்டிகளுக்கு அது பொருந்தும், கன்னம் ஒட்டினால் இன்னும் பொருந்தும்.

மூக்கின் ஓரத்தை மட்டும் உளியால் எடுங்கள். முதலில் உதட்டுக்கு மேலே, மூக்கின் அடியில் குறுக்காக ஒரு தடுப்பு வெட்டு. பிறகு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நாரோடு போங்கள். தடுப்பு வெட்டு இருந்தால் சில் அதற்கு மேல் ஓடாது. ராத்திரியில் ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள், பகலில் தெரியாத தட்டையெல்லாம் நிழலில் தெரியும்.

பஞ்சு நாருக்கு மருந்து பொறுமைதான். பச்சை மரத்தை வெட்டலாம், தேய்க்க முடியாது. இப்போதைக்கு வெட்டின தடத்தோடு விடுங்கள்.

கட்டைவிரல்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். முதுகு அறுப்பை மூன்று நாளில் சிறுகச் சிறுகப் போட்டேன். போட்டபோது 8 மி.மீ. இருந்த வாய் இன்று 13. நெற்றி வெடிப்பு 4-லிருந்து 2-க்கு வந்துவிட்டது. மரத்தூள் அண்ணா, பசையை அன்றே ஊற்றியிருந்தால் அது மூட இடமே இருந்திருக்காது.

முகத்தைத் தள்ளினேன். 2 செ.மீ. போதவில்லை, கண்ணுக்கு 3 ஆனது. ஒற்றை விளக்கில் பார்த்தபோது இடது கன்னம் முதல் முறையாகப் பாட்டியுடையதாகத் தெரிந்தது, அன்றைக்கு அதற்கு மேல் கருவியைத் தொடவில்லை. மிச்சமிருக்கும் வெடிப்பு புருவத்தின் மேல்முனையோடு போகிறது. அதை எப்போது அடைக்கலாம்?

சாய்வெட்டு:

மிக்க சந்தோஷம் தம்பி. இவ்வளவு தடிமனான கட்டை முழுக்கக் காயப் பல வருடம் ஆகும், அதனால் நாள் கணக்கு வேண்டாம். மாதம் ஒரு முறை முன் வெடிப்பையும் முதுகு வாயையும் அளந்து அடியில் பென்சிலால் எழுதி வாருங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு வறண்ட காலமும் போய், அளவு மேலும் கீழும் கொஞ்சமாக மட்டும் ஆடினால் அப்போது அடைக்கலாம். அதுவும் பசையும் தூளும் வேண்டாம். அறுத்த மீதியில் வைரப் பகுதியிலிருந்து ஒரு துண்டை இப்போதே எடுத்துக் காயப் போடுங்கள். அதில் மெல்லிய ஆப்பு சீவி, நார் ஒரே திசையில் வரும்படி ஒரு பக்கம் மட்டும் ஒட்டுங்கள். மறுபக்கம் அசைய இடம் இருக்கட்டும்.