ஹார்லோவின் துணித்தாய்ப் பரிசோதனை: பிள்ளைக் காம்பராப் பயிற்சியில் எப்படிச் சொல்வது?

கொழுந்துமலை:
தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் (அம்மாமார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம்) பிள்ளை பார்க்கும் அக்காமாருக்கு ஒருநாள் பயிற்சி. தாய்ப் பிணைப்புப் பற்றிய பாடக்குறிப்பில், ஹார்லோ குரங்குக் குட்டிகளில் செய்த பரிசோதனையைப் பற்றி "குட்டிகள் பாலை விடத் துணியையே விரும்பின" என்று ஒரு வரிதான் இருக்கிறது. உண்மையில் என்ன செய்தார்கள்? அந்த வரி சரியா? பின்னேரம் நுவரெலியாவுக்குப் பக்கத்து ஹக்கல பூங்காவுக்குக் கூட்டிப்போய்க் குரங்குகளைப் பார்க்க வைக்கலாம் என்றும் எண்ணம். எதைக் குறிக்கச் சொல்வது?

பனிச்சாரல்:
அந்த வரியை அப்படியே சொல்லாதீங்க. எந்தக் குட்டியும் பாலை வேண்டாம் என்று விடவில்லை.

ஹாரி ஹார்லோ (1905–1981) அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ரீசஸ் என்ற இனக் குரங்குகள் எப்படிக் கற்கின்றன என்று ஆராய்ந்தவர். நோய் தொற்றாமல் இருக்கக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து வளர்த்தபோது, கூண்டின் தரையில் விரித்த துணியை அவை கட்டிப்பிடித்துக்கொண்டன. கழுவ எடுத்தால் கத்தின. அங்கிருந்துதான் கேள்வி பிறந்தது. 1958இல் முடிவுகளை வெளியிட்டார்.

குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய் வைத்தார். துணித்தாய் என்பது ஒரு மரக்கட்டை. அதன் மேல் ஸ்பஞ் ரப்பர், அதற்கும் மேல் துவாய்த் துணி, பின்னால் சூடு தர ஒரு பல்ப். மற்றத் தாய் வெறும் கம்பி வலை, அதற்கும் சூடு உண்டு. மொத்தம் 8 குட்டிகள். 4 குட்டிகளுக்குப் பால் போத்தல் துணித்தாயிடம், மற்ற 4க்குக் கம்பித்தாயிடம். இரு கூட்டமும் ஒரே அளவு பால் குடித்தன, ஒரே மாதிரி எடை கூடின. கம்பியில் குடித்தவைக்கு மட்டும் மலம் இளகிப் போனது. ஆனால் கம்பியில் குடித்த குட்டியும் குடித்து முடித்ததும் துணியிடம்தான் திரும்பிப் போனது. பால் கொடுப்பவரிடமே பாசம் வரும் என்று அன்றைக்கு இருந்த கொள்கையை இதுதான் அசைத்தது.

இன்னும் வலுவான சான்று பயப் பரிசோதனை. மேளம் தட்டும் பொம்மைக் கரடியைக் கூண்டுக்குள் விட்டால் குட்டி துணித்தாயிடம் ஓடி ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் திரும்பி அந்தப் பொம்மையையே எட்டிப் பார்க்கும். பழக்கமில்லாத அறையில் துணித்தாய் இல்லாவிட்டால் சுருண்டு குந்திவிடும். பயிற்சியில் இதைச் சொன்னால் நன்றாகப் பிடிபடும். ஒரு குறையையும் சேர்த்துச் சொல்லுங்க: இரண்டு தாய்க்கும் முகம் ஒரே மாதிரி இல்லை. அதனால் வித்தியாசம் முழுவதும் துணியால்தான் என்று சொல்ல முடியாது.

தேயிலைப்பூ:
மேலே சொன்னது சரி. ஆனால் அத்தோடு நிறுத்தினால் "மெத்தென்ற துணி போதும்" என்று அக்காமார் நினைத்துவிடுவார்கள். துணித்தாயோடு மட்டும் வளர்ந்த குட்டிகள் பெரிதான பிறகு மற்றக் குரங்குகளோடு பழகத் தெரியாமல் நின்றன. அப்படி வளர்ந்த பெண் குரங்குகள் பலவும் தங்கள் குட்டியைக் கவனிக்கவில்லை, சில அடித்துக் கடித்தன. துணி திரும்ப அணைக்காது, விளையாடாது.

1972இல் ஹார்லோவும் ஸ்டீபன் சுவோமியும் வெளியிட்ட ஆய்வை அவசியம் சேருங்க. 6 மாதம் தனியே அடைத்து வைத்த குட்டிகளோடு 3 மாத வயதுக் குட்டிகளைப் பழக விட்டார்கள். சம வயதுக் குரங்கை விட்டால் தாக்கும். 3 மாதக் குட்டி முதலில் ஒட்டிக்கொள்ளத்தான் பார்க்கும், விளையாட்டும் மெல்ல மெல்லத்தான் வரும். அதனால்தான் அடைபட்டவை தேறின. அதே நேரம், அந்தத் தனியடைப்பு பெரும் கொடுமை என்பதையும் மறைக்க வேண்டாம்.

பிந்திய சோதனைகளில் குட்டிகள் ஆடும் துணித்தாயை ஆடாததை விட அதிகம் நாடின. நம்முடைய சேலைத் தொட்டில் உடனே ஞாபகம் வரும். ஆனாலும் குரங்கிலிருந்து பிள்ளைக்கு நேராகத் தாவாமல், "ஒரே ஆள், அணைப்பு, விளையாட்டு" என்ற அளவோடு நிறுத்துங்க. காலையில் அம்மா பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) ஓடும் நேரத்தில் கைக்குழந்தையை ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் வாங்குவதுதான் பெரிய பிழை. இன்ன பிள்ளைக்கு இன்ன அக்கா என்று பிரித்துவிடுங்க. அம்மாவின் பழைய சேலைத் துண்டு உதவும், ஆனால் ஆளுக்கு ஈடாகாது.

கொழுந்துமலை:
நன்றி அக்கா. ஹக்கல விஷயம்?

மலைமுகில்:
அங்கே தலையில் தொப்பி மாதிரி முடி உள்ள செங்குரங்குகளைப் பாருங்க, ரீசஸுக்கு நெருங்கிய இனம். பைனாகுலர், கடிகாரம், பென்சில் போதும் (மழைச்சாரலில் பேனா எழுதாது).

ஒருவருக்கு ஒரு தாய்-குட்டிச் சோடி, 10 நிமிடம். 30 வினாடிக்கு ஒருமுறை குட்டி எங்கே என்று குறிக்க வேண்டும்: முலையில், உடம்பில் ஒட்டி, கையெட்டும் தூரத்தில், அதற்கும் அப்பால். 20 குறிப்பு வரும். தனி வரியில், யார் கிட்டே வந்தது, யார் விலகியது என்று ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும். இங்கிலாந்தின் ரொபர்ட் ஹைண்ட் ரீசஸ் குரங்குகளில் பயன்படுத்திய கணக்கு இதுதான்: கிட்டே வந்ததில் குட்டியின் வீதத்திலிருந்து (நூற்றுக்கு எத்தனை என்பது), விலகியதில் குட்டியின் வீதத்தைக் கழிக்க வேண்டும். 20 தடவை கிட்டே வந்ததில் 15 குட்டி என்றால் 75. விலகிய 20இல் 8 குட்டி என்றால் 40. விடை +35. கூட்டல் வந்தால் நெருக்கத்தைக் காப்பது குட்டி, கழித்தல் வந்தால் தாய். சின்னக் குட்டியில் தாயின் பங்கு அதிகம், வளர வளரக் குட்டியின் பக்கம் சாயும்.

பிழைக்கும் இடங்கள்: கண்ணுக்கு எடுப்பான சோடியையே எல்லோரும் தெரிவு செய்வது (சீட்டுக் குலுக்குங்க), தீனி போடுவது (உடனே சண்டை வரும், குட்டி பயத்தில் ஒட்டிக்கொள்ளும், எண் எல்லாம் பொய்யாகும்), நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பது அல்லது பல் தெரியச் சிரிப்பது. உற்றுப் பார்ப்பதைக் குரங்கு மிரட்டலாக எடுக்கும். சாப்பாட்டுப் பைகளை வாகனத்திலேயே விட்டுவிட்டுப் போங்க.