மாரடைப்பு வந்து மூன்றாம் நாளே டிஸ்சார்ஜ்: சம்மதிக்கலாமா?

பேச்சிப்பாறை மருமகன்: மாமாவுக்கு 61 வயது, ரப்பர் பால்வெட்டு வேலை. மாரடைப்பு வந்து நாகர்கோவிலில் ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து ஒரு ஸ்டென்ட் (சின்னக் கம்பிக்குழாய்) வைத்தார்கள், எக்கோ ஸ்கேனில் இதயம் பம்ப் பண்ணுகிற அளவு 50 சதவீதம். மூன்றாம் நாளான நாளைக்கே வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். அத்தைக்கு ஒரே பயம். இன்னும் ஒரு வாரம் வைக்கச் சொல்லிக் கேட்கலாமா?

குளச்சல் அண்ணாச்சி: கட்டாயம் கேளுங்க தம்பி. முன்னெல்லாம் வாரக்கணக்கில் படுக்க வைத்துத்தான் அனுப்புவார்கள், இப்போது கட்டில் காலியானால் போதும். நடுராத்திரி நெஞ்சு வலித்தால் பேச்சிப்பாறையிலிருந்து நாகர்கோவிலுக்கு எவ்வளவு தூரம், அந்த ரோட்டில்!

தக்கலை சிஸ்டர்: முன்பு அடைப்பைத் திறக்க வழியில்லை அண்ணாச்சி, அதனால் படுக்க வைத்தார்கள். இதயத் துடிப்பு தாறுமாறாகிற ஆபத்து முதல் இரண்டு நாளில்தான் அதிகம். ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2017-லேயே ஆபத்து குறைந்தவர்களை 48 முதல் 72 மணி நேரத்தில் அனுப்பலாம் என்று சொல்லிவிட்டது. சும்மா படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், ஆஸ்பத்திரிக் கிருமியும் தொற்றும்.

குளச்சல் அண்ணாச்சி: மறுபாதியை விட்டுட்டீங்களே சிஸ்டர். தொடர் கவனிப்புக்கும் மறுவாழ்வுப் பயிற்சிக்கும் ஏற்பாடு இருந்தால்தான் அனுப்பலாம் என்றுதானே அதில் இருக்கிறது? அந்த மலையடிவாரத்தில் என்ன ஏற்பாடு?

தக்கலை சிஸ்டர்: சரி, அது நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் கூடுதலாக ஒரு வாரம் இல்லை. ஏழு நாள் இருந்தவரும் ஒன்றும் தெரியாமல்தான் போகிறார். டிஸ்சார்ஜ் அன்றைக்கு பில், இன்ஷூரன்ஸ், கார் என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கும்போது மாத்திரையைப் பற்றிச் சொன்னால் "சரி, சரி" என்று தலையாட்டுவார்கள். சீட்டு முழுக்க இங்கிலீஷ். மெடிக்கல் ஷாப்பில் அட்டையை வெட்டித் தரும்போது பெயர் இருக்கிற பக்கம் கடையிலேயே நின்றுவிடும், மீதி எல்லாம் வெள்ளை மாத்திரை. ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை கொடுப்பார்கள், பெரும்பாலும் ஒரு வருடம். இடையில் பல் பிடுங்கப் போகிற இடத்தில் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளும். இதை இன்றைக்கே மாமா வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்க தம்பி, அத்தையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

மார்த்தாண்டம் மகள்: நடுவில் வருகிறேன். எங்கள் வீட்டில் நடந்தது வேறு. வலி போனதும் அப்பா "எனக்கு ஒன்றுமில்லை" என்று தானே கிளம்பினார், வந்த வாரமே தேங்காய் மூட்டையைத் தூக்கப் போனார். நோயாளி தயார் என்று சொல்வதை நம்பாதீங்க. நர்ஸ் கூட நடக்க, படி ஏறிப் பார்க்கட்டும், மூச்சு வாங்குகிறதா என்று.

பேச்சிப்பாறை மருமகன்: மாமாவும் அதே ஆள்தான், மழை விட்டதும் வெட்டப் போகணுமாம்! நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை தந்திருக்கிறார்கள், அதை எப்போது வைக்கணும்?

தக்கலை சிஸ்டர்: வலி வந்ததும், உட்கார்ந்துகொண்டு. நின்றபடி வைத்தால் பிரஷர் இறங்கித் தலைசுற்றி விழுவார். ஐந்து நிமிடத்தில் வலி போகவில்லை என்றால் 108, பைக்கில் வைத்துக் கொண்டுபோகாதீங்க. பால்வெட்டு எப்போது என்பதை மறுபரிசோதனையில் டாக்டர் சொல்லட்டும்.

குளச்சல் அண்ணாச்சி: 108 பேச்சிப்பாறைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் என்றும் சொல்லிடுங்க சிஸ்டர். தம்பி, நாகர்கோவிலில் சொந்தக்காரர் வீடு இருந்தால் முதல் வாரம் அங்கே வையுங்க. ஆஸ்பத்திரி அனுப்பட்டும், மலைக்கு இப்போதே அனுப்ப நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பேச்சிப்பாறை மருமகன்: நாகர்கோவில் கோட்டாறில் சித்தி வீடு இருக்கிறது. அத்தையிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.